மணி அடிக்காத வீடு

நேற்று மதியம் நிரப்பி வைத்த தண்ணீர் ஜாடி அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள்; ஒரு மடக்குகூடக் குறையவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் உதடுகள் வறண்டு தோல் உரிந்திருந்தன. எழுந்து நிற்கப் பார்த்தவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோலச் சிரித்தார்.

“என்னப்பா, தண்ணியே குடிக்கலையா?”

“தாகமே இல்லம்மா. நீ கிளம்பு. இன்னிக்குத்தானே பெரிய மீட்டிங்?”

அவள் வேலை பார்க்கும் கம்பெனி பிரிண்டர் செய்வது. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் அச்சடிக்கிறார்கள்? சரக்கு கிடங்கிலேயே தூங்க ஆரம்பித்ததும், கையிலிருப்பதை வைத்து வேறென்ன செய்து விற்கலாம் என்று யோசிக்க ஒரு புதுத் தொழில் பிரிவைத் தொடங்கினார்கள். துணியில் படம் அச்சடிக்கும் கருவி ஒன்று வந்தது; முதல் சலவையிலேயே படத்தோடு மானமும் போயிற்று. அடுத்தது அவளுடைய யோசனை. பிரிண்டருக்குள் தாள் நகர்கிறதா, சிக்கிக்கொண்டதா என்று கவனிக்கும் சின்ன சென்சாரை ஒரு விரிப்பில் பதித்து மெத்தைக்கு அடியில் வைத்தால், படுத்திருப்பவரின் மூச்சுகூட அதற்குத் தெரியும். வயதானவர் கட்டிலிலிருந்து விழுந்தால் பிள்ளையின் போனில் மணி அடிக்கும். “பெரியவங்க ஜாம் ஆனா அடிக்குமா?” என்று கான்டீனில் கிண்டல் செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்ய.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புதுப்பொருளும் கடைக்குப் போகுமுன், யோசனை சொன்னவர் வீட்டில் சில மாதம் குடித்தனம் நடத்த வேண்டும். விரிப்பு அப்பாவின் மெத்தைக்கு அடியில் போனது; ராத்திரியில் மட்டும் ஓடவிட்டாள். விழுந்தால்தான் அடிக்க வேண்டும். பாத்ரூம் போக எழுந்தாலும் அடித்தது. பதறி ஓடி ஓடி அவளுக்கு அலுத்துப்போனது. எந்த அசைவுக்கு அடிக்க வேண்டும் என்ற கணக்கில் சிலவற்றைத் திருத்தினாள். அதன்பின் மணி அடிக்கவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இன்றைய மீட்டிங்கில் கையெழுத்து விழுந்தால் தயாரிப்பு தொடங்கும். இல்லையென்றால் பிரிவை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவளையும் சேர்த்துத்தான்.

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள்.

“ராத்திரியில பாத்ரூம் போறீங்களா இல்லையா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மணி அடிச்சா உனக்குத்தானே கெட்ட பேரு. போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தியே.”

“அதுக்காக அடக்கிட்டுப் படுத்திருக்கீங்களா?”

“பஸ் ஓட்டினப்போ அடக்காததா? மதியத்துக்கு மேல தண்ணி குடிக்கலன்னா தொல்லையே இல்ல.” மகளுக்குக் கைகொடுத்துவிட்ட பெருமை அந்த வறண்ட முகத்தில் தெரிந்தது.

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் திருத்திய கணக்கு எதையும் சரிசெய்யவில்லை. எல்லாவற்றையும் அப்பா தன் வயிற்றுக்குள் வைத்துச் சரிசெய்திருக்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். அவள் நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, “பயப்பட ஒண்ணுமில்லக்கா, தண்ணி உள்ள போனாப் போதும். இன்னிக்கு எனக்கு லீவுதான், நான் இருக்கேன்” என்றாள்.

“அப்பா, இனிமே அடக்கினீங்கன்னா நான் வேலைக்கே போக மாட்டேன்.”

“அப்போ மணி?”

“அடிக்கட்டும்.”

மீட்டிங் அறைச் சுவரில் அப்பாவின் விரிப்பு அனுப்பும் கோடு பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது; காட்டுவதற்காக இன்று பகலிலும் போட்டு வைத்திருந்தாள். பல இரவுகளாகக் கோட்டில் ஒரு மேடுபள்ளம் இல்லை, துடைத்துவிட்டதுபோல. பிரிவுத் தலைவருக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்று சிரித்தார். “பாருங்க சார், ஒரு பொய் மணிகூட இல்ல.” முதலாளி தலையாட்டிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட வேண்டிய தாள்மேல் பேனாவை வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மேசைக்கு அடியில் அவள் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவ்வளவுதான். அவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்தக் கோடு...”

மேசைமேல் இருந்த அவள் போன் அலறியது. அதே நொடியில் சுவரில் கோடு செங்குத்தாக எகிறியது. கால்குலேட்டரின் சிரிப்பு நின்றது. “ஆஃப் பண்ணும்மா” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளுக்குக் கை வரவில்லை. திரையில் நர்ஸின் செய்தி மின்னியது: ‘ரெண்டு டம்ளர் குடிச்சாரு அக்கா. பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன்.’

“யாராவது விழுந்துட்டாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“இல்ல சார்.” அவள் கண் நிறைந்துவிட்டது. “எங்கப்பா தண்ணி குடிச்சிருக்கார்.”

அப்பா திரும்பி வந்து படுக்கும்வரை மணி அடிக்கும். போன் அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மேசைமேல் நகர்ந்து, திறந்து வைத்திருந்த பேனாவைத் தொட்டது. பேனா தாளைவிட்டு உருண்டது.