புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு

ஸ்பார்க் பிளக் கழற்றிய துளைக்குள் நீளத் திருப்புளியை நிறுத்திவிட்டு, மெக்கானிக் செமிசி, ஸ்பேனரால் கார் இன்ஜினை மெல்லத் திருப்பினான். திருப்புளி மேலேறி, ஏறி, நின்றது. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. இப்போது இன்ஜின் முன்பக்கத்துப் பெல்ட் சக்கரமான புல்லியில் உள்ள கோடு, பக்கத்து அளவுத் தகட்டின் பூஜ்யத்துக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி நின்றது.

புல்லியின் இரண்டு வளையங்களுக்கு நடுவிலிருந்த ரப்பர் மட்கி, வெளிவளையம் நழுவியிருந்தது. அந்தப் பொய்க் கோட்டில் லைட் அடித்துத்தான் போன வாரம் அவன் தீப்பொறிக்கு டைமிங் வைத்தான். அப்போதே சொன்னான்.

"பாஸ், இன்ஜின் தட்டுது. உச்சி பாத்துட்டு வச்சிடறேனே?"

"உங்க டோங்காத் தீவுல காதாலயே வண்டி பாப்பீங்களோ? இங்க கோட்டப் பாத்து வை. அடுத்த வண்டி நிக்குது," என்று விரட்டியவன் கராஜ் முதலாளி கோலின்.

ஆட்டுரோமம் கத்தரிக்கக் கொட்டகை கொட்டகையாகப் போகும் வேட்தான் காரின் சொந்தக்காரன்; அதோடு பாதி வழியில் நின்றான். தீப்பொறி முந்தி விழுந்து பிஸ்டனில் ஓட்டை. அவன் வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. காலையில் காரை இழுத்து வந்து கத்தினான்.

"எல்லாம் இவன் வச்ச டைமிங். இன்னையோட வேலைய விட்டு அனுப்பிடறேன்," என்று கோலின் கூசாமல் கைகாட்டினான்.

இப்போது செமிசி திருப்புளியைத் துளையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தான். வாசலில் புகைத்துக்கொண்டிருந்த வேட்டிடம் ஓடினான். "ஒரு நிமிஷம் வாங்க. தப்பு எங்கன்னு கண்ணால பாருங்க."

இருவரும் உள்ளே வந்தபோது கோலின் காரருகே கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோடு சரியாத்தானப்பா நிக்குது?" என்றான் வேட்.

பூஜ்யத்துக்கு நேராகப் பளிச்சென்று வெள்ளைக் கோடு. பழைய கோட்டின்மேல் கிரீஸ் அப்பியிருந்தது. அட பாவி! செமிசி கட்டைவிரலை வெள்ளைக் கோட்டில் அழுத்தி எடுத்து நீட்டினான்.

"பெயிண்ட் இன்னும் காயல. பாருங்க!"

வேட் அந்த விரலையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேற இன்ஜின் கெடக்கு வேட்," என்றான் கோலின் நிதானமாக. "சனிக்கிழமைக்குள்ள மாட்டித் தரேன். நீ ஒண்ணும் தர வேணாம்."

ஊரில் வேறு கராஜ் கிடையாது. வேட் தரையைப் பார்த்தான்.

"எனக்கு வண்டி ஓடணும், மேட்," என்றான் செமிசியிடம்.

"என்னைய அவன் தொரத்துறான். நீங்களும் பாத்துட்டுப் பேசாம நிக்கிறீங்க!" என்று கத்தினான் செமிசி.

கோலின் கையை நீட்டினான். "டூல்ஸ் அலமாரிச் சாவி."

செமிசி சாவியை அந்தக் கையில் அறைந்தாற்போல் வைத்தான். சாவியின்மேல் வெள்ளையாகக் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. கோலின் அதைக் கந்தல் துணியால் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டினான்.