மூன்று வருஷக் குழாய்கள்

கிள்ளான், 11 டிசம்பர் 1929, புதன்.

நேற்று ஒரு பிழை எழுதிவிட்டேன். "கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது" என்று எழுதினேன். லோரியிலிருந்து இரும்புக் குழாய் இறங்கியதைப் பார்த்ததும் அப்படி முடிவு செய்துவிட்டேன். எழுதியதோடு நிற்காமல் லயத்து மாரியாயி அக்காவிடமும் சொன்னேன். லயத்துக்காரர்கள் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய ஆள் பேசியிருந்தார்கள். என் பேச்சை நம்பி, வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். புதுக் குழாய்களுக்கு அடியில் போன வருஷத்துக் குழாய்கள். அதற்கும் அடியில், துருவேறி, முந்தின வருஷத்தவை. ஒன்றுக்குள் கோழி முட்டையிட்டிருக்கிறது. சற்றுத் தள்ளிக் கிணறு. கக்கூஸ் வாய்க்கால் உடைந்து அதன் ஓரமாகவே ஓடுகிறது. வாளித் தண்ணீரில் வெள்ளைப் புழு நெளிந்தது. அக்கா அதை முந்தானையில் வடிகட்டிப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆபீசில், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராதாகிருஷ்ணனிடம் கேட்டேன்.

"சார், குழாயை எப்போ புதைப்பாங்க?"

"புதைக்க ஏது காசு?"

"குழாய் வாங்க இருந்துச்சே?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "ஏம்ப்பா விஜயா, ராத்திரி வகுப்புல என்னதான் சொல்லித் தர்றாங்க? டிசம்பருக்குள்ள செலவாகாத காசு மேல திரும்பிப் போயிடும். இவனுக்குத் தேவையில்லைன்னு அடுத்த வருஷம் குறைச்சிடுவான். பள்ளம் தோண்ட மாசக் கணக்காகும். குழாய் வாங்க ஒரு கையெழுத்துதான். தோண்டுறதுக்கு ஜனவரியில கேட்போம்."

"போன ஜனவரியில கேட்டீங்களா, சார்?"

"கேட்டோம், கிடைச்சது. அந்தக் காசுல துரை பங்களாவுக்கு ரோடு போட்டாச்சு லா!"

ஆபீசே சிரித்தது.

"அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சார்."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அது வேற இலாகா செலவு."

மறுபடி சிரித்தார்கள். பழக்கத்தில் நானும் சிரித்தேன்.

ராத்திரி வகுப்பில் வாத்தியார், ஒதுக்கிய பணத்துக்குள் செலவை முடிப்பதே நல்ல நிர்வாகம் என்று பலகையில் எழுதினார். பார்த்து எழுதிக்கொண்டேன். எங்கள் ஆபீஸ் வருஷா வருஷம் சரியாக முடிக்கிறது.

வகுப்பு விட்டதும் லயத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா நாங்களே கிணத்தை இறைச்சிருப்போமே, தம்பி," என்றார் அக்கா. திட்டியிருந்தால் தேவலை.

நாளை: விடிந்ததும் கிணறு இறைக்கும் பெரியகருப்பனைத் திரும்ப அழைத்து வர வேண்டும், நானும் வாளி பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு அடுத்த லோரி வரும். குழாய் இறக்க இடம் காட்ட வேண்டும்.