துக்ளக்தனமான சப்பரம்

மாதா சப்பரத்தின் உச்சியிலிருந்த விளக்குக் கிரீடம் கேபிள் ஒயரில் சிக்கியபோது, சப்பரத்தைத் தெற்குத் தெருவுக்குத் திருப்பிவிட்ட டேவிட்ராஜ், "வரட்டும், வரட்டும்" என்று கையாட்டிக்கொண்டிருந்தான். ஒயர் அறுந்து, தெருவுக்கே டிவி போனது. சப்பரத்தைப் பின்னுக்கு இழுத்து வழக்கமான தெருவுக்குக் கொண்டுவருவதற்குள், அங்கே நேர்ச்சையாகச் சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் தூவக் காத்திருந்த சனம் சலித்துப்போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் பங்குக் கோயில் வாட்சப் குழுவில் ஆக்சிலியா ஒரே வரி போட்டிருந்தாள்: 'துக்ளக்தனமான முடிவு.'

வேறு யாராவது போட்டிருந்தால் டேவிட்ராஜ் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். ஆக்சிலியா காரிமங்கலத்துப் பள்ளி ஒன்றில் வரலாற்று டீச்சர். போன வாரம்தான் இவன் அம்மா அவளைப் பெண் கேட்டிருந்தார். பதில் இன்னும் வரவில்லை. ஒருவேளை இதுதான் பதிலோ?

வரலாற்றில் பாஸ் மார்க்கையே தூரத்திலிருந்து பார்த்தவன் அவன். டீக்கடைப் பச்சியப்பனிடம் விசாரித்தான். துக்ளக் ஒரு ராஜா, அதனால் பாராட்டாகத்தான் இருக்கும் என்றார் அவர். மைக்செட் மாதுவோ, டெல்லியிலிருந்து தலைநகரத்தைத் தூக்கிக்கொண்டு போய், அப்புறம் திரும்பத் தூக்கிவந்த ஆள் என்று சொல்லிவிட்டு, கிரீடம் நசுங்கிய சப்பரத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, செபம் பண்ணச் சொன்னார். அப்போதுதான் டேவிட்ராஜுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

திங்கட்கிழமை காலை, எங்கும் போக வேண்டியில்லாத டேவிட்ராஜ் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான்.

"டீச்சர், அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்? முட்டாளுன்னா?"

"முட்டாளுன்னா முட்டாளுன்னே போட்டிருப்பேன். யோசனை என்னமோ நல்லாத்தான் இருக்கும். யாரையும் ஒரு வார்த்த கேக்காம, ஊரையே இழுத்தடிச்சிட்டுத் திரும்ப வர்றது. அதுக்குத்தான் அப்படிச் சொல்றதுங்க."

"ஓ."

"தெற்குத் தெருவுக்கு ஏன் திருப்புனீங்க?"

தெரு அகலம், புது ரோடு என்று ஏதோ முனகினான். முட்டிவலியால் தெருமுனைக்குக்கூட வர முடியாத அவள் அம்மா லூர்தம்மாள் மாதாவைப் பார்க்கட்டும் என்றுதான் திருப்பினான். அதை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை.

"எங்க வூட்டு வாசல்லதான் மாட்டிக்கிச்சு. அம்மா சேர்ல உக்காந்தே உப்பு மிளகு போட்டாங்க. ரொம்ப வருசங் கழிச்சி."

பஸ் வந்தது. டேவிட்ராஜ் அவசரமாக ஓரடி முன்னால் வந்தான்.

"எங்கம்மா வந்து கேட்டதுக்கு..."

"சம்மதந்தாங்க," என்று படியேறினாள் ஆக்சிலியா. "கல்யாணத்த எங்க வெக்கிறதுன்னு மட்டும் நீங்களா முடிவு பண்ணிராதீங்க."