கோல்கீப்பர் பார்க்க வந்த சனிக்கிழமை

எங்கள் கிளப் தலைவர் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். அதனால் எந்தப் பிரச்சினைக்கும் ஒரு சோபாவைக் கொண்டுவந்து போட்டால் தீர்ந்தது என்று நம்புகிற மனிதர். அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான். கடை வேனிலிருந்து சாம்பல் நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இறங்கியது, பிளாஸ்டிக் உறையோடு.

"உறையை மட்டும் கழட்டிடாதீங்கம்மா. திங்கக்கிழமை திரும்ப ஷோரூம் போகணும்" என்றார்.

"வர்ற பொண்ணு அதுல உக்காந்தா சறுக்கி விழுமே?"

"கோல்கீப்பர்தானே, விழுந்து பழக்கம் இருக்கும்."

இவரிடம் என்னத்தைப் பேசுவது. நான் சும்மா இருந்தேன். சாதாரணமாகச் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு எனக்கு அந்தப் பெண் வேண்டியிருந்தாள். தலைவரைவிட, பயிற்சி கொடுக்கிற மாஸ்டரைவிட, அணியில் உள்ள எல்லாரையும்விட எனக்கு வேண்டியிருந்தாள்.

நாங்கள் பெண்கள் கால்பந்து லீகில் கடைசிப் பிரிவு. எங்களுக்குக் கீழே புல்தரை மட்டும்தான் இருக்கிறது. அந்த அணிக்குப் பல வருஷமாக நான்தான் கோல்கீப்பர். பிழைப்புக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே நாள் முழுக்கப் போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். அடுத்தவர் செய்யப்போகிற தப்பை முன்னாலேயே பார்த்துப் பதறுவது.

வலது தோள் போய்விட்டது. "இன்னொரு தடவை பாய்ஞ்சு விழுந்தீங்கன்னா ஸ்டியரிங் பிடிக்கக்கூட கை வராது" என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். சீசன் தொடங்குவதற்குள் வேறு கோல்கீப்பர் கிடைக்காவிட்டால் அணியை லீகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இல்லையென்றால் நான் தோளைக் கொடுக்க வேண்டும். எங்களிடம் மாற்றுக் கோல்கீப்பர் கிடையாது. கேப்டனாக இருக்கிற என் நாத்தனாரை நிறுத்திப் பார்த்தோம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனை ரத்தத்தைப் பார்த்தாலும் அசராதவள், பந்து வந்தால் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தலைவர் இணையத்தில் அறிவிப்புப் போட்டார். கோல்கீப்பர் தேவை. உயர்தரப் பயிற்சி, நவீன உடைமாற்றும் அறை, தொழில்முறைச் சூழல். உயர்தரப் பயிற்சி என்று அவர் சொன்னது எங்கள் மாஸ்டரை. மாஸ்டர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். விசில் ஊதினால் எச்சில் தெறிக்கும். இருந்தாலும் ஒருத்தி பதில் போட்டுவிட்டாள். எங்களுக்கு இரண்டு பிரிவு மேலே ஆடியவள். ஒரு வருஷமாக எங்கேயும் ஆடவில்லை என்றும், நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் எழுதியிருந்தாள். எங்கள் அணிக்கு அப்படி ஒருத்தி வருவது எனக்கே நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

"சோபா வந்தாச்சு. இப்ப இதை எல்லாம் எடுங்க" என்று தலைவர் உடைமாற்றும் அறையின் பின்பாதியைக் காட்டினார்.

பின்பாதி எங்கள் பிள்ளைகளுடையது. அணியில் பாதிப் பேர் தாய்மார்கள். பயிற்சிக்கு வரும்போது பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர்தான் அத்தனை வாண்டுகளையும் மேய்ப்பார். மேட்ச் நாளில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. மாற்று ஆட்டக்காரியாக உள்ளே போகிறவள், வெளியே வருகிறவளின் கையில் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவாள். கோட்டுக்கு மேலேயே பிள்ளை கை மாறும். முதலில் கத்திக்கொண்டிருந்த நடுவர்கள்கூட இப்போது பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுகிறார்கள்.

"இதைப் பாத்தா கிளப்புன்னு நினைப்பாங்களா, பிள்ளைங்க காப்பகம்னு நினைப்பாங்களா?" என்றார் தலைவர். "பெரிய எடத்துல ஆடின பொண்ணு. மானம் போயிடும்."

அவர் சொன்னது எங்களுக்கும் சரி என்றுதான் பட்டது. அதுதான் கொடுமை. ஒருத்திகூட மறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். மடக்குத் தொட்டில், கிலுகிலுப்பை, பால் புட்டிகள், காது பிய்ந்த துணி யானை, காரில் பிள்ளையை உட்கார வைக்கிற குட்டி சீட், எல்லாவற்றையும் என் டிரைவிங் ஸ்கூல் காரின் டிக்கியில் திணித்தோம். மூட முடியவில்லை. நாத்தனார் மேலே ஏறி உட்கார்ந்தாள். அப்புறம்தான் மூடிற்று.

அந்தப் பெண் வந்தபோது கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள். அவ்வளவு உயரம். அந்த நிமிஷமே மனதுக்குள் 'நெட்டை' என்று பேர் வைத்துவிட்டேன். சோபாவில் உட்கார்ந்தாள், சறுக்கினாள், சமாளித்துக்கொண்டாள். பிறகு அறையை மூலை மூலையாகப் பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை.

"ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. சும்மாதான் பாக்குறேன்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க எல்லாருக்கும் ஆட்டம்தான் முக்கியம். குடும்பம், குழந்தை குட்டி எல்லாத்தையும் கேட்டுக்கு வெளியிலயே விட்டுட்டு வந்துடுவாங்க. ஒரு தொந்தரவும் இருக்காது."

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. சோபாவின் குளிர்ச்சி என்று நினைத்துவிட்டேன்.

மைதானத்தில் இறங்கினாள். மாஸ்டர் எங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தி அடிக்கச் சொன்னார். இடது மூலை, வலது மூலை, தலைக்கு மேலே, தரையோடு தரையாக. எங்கே அடித்தாலும் பந்துக்கு முன்னால் அவள் கை அங்கே போய் நின்றது. விழுந்தாள், எழுந்தாள், பந்தை உருட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாரானாள். மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்துபோனார். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமையைவிடப் பெரிதாக ஒரு ஆசை வந்தது. இவள் வந்துவிட்டால் நான் நிம்மதியாகப் போய் ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் இடித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஓடிப்போய்ப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். கடைசியில் டீ கூடக் குடிக்கவில்லை.

"நான் கிளம்புறேங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் படியிறங்கும்போது சொல்கிற அதே 'யோசிச்சுச் சொல்றேன்'. தலைவர் அசடு வழியச் சிரித்தார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டுல நான் விட்டுடுறேன்" என்று சாவியை எடுத்தேன். வழியிலாவது காலில் விழுந்து கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம்.

நான் கார் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவள் பையை வைக்க டிக்கிப் பக்கம் போயிருந்தாள்.

"அதைத் தொறக்காத!"

திறந்துவிட்டாள். உள்ளே மூச்சுமுட்டிக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வெளியே பாய்ந்தது. தொட்டில் கம்பி அவள் முழங்காலில் சாய்ந்தது. பால் புட்டிகள் நாலா பக்கமும் உருண்டன. துணி யானை அவள் ஷூவின் மேல் வந்து உட்கார்ந்தது.

அவள் குனிந்து யானையை எடுத்தாள். "இது யாரோடதுக்கா?"

"என்னோடதுதான்."

என் நரைத்த முன்முடியைப் பார்த்தாள். புட்டிகளைப் பார்த்தாள். மறுபடி முடியைப் பார்த்தாள். எனக்குப் பொய் வராது, வந்தாலும் நிற்காது. கையும் களவுமாகப் பிடிபட்ட எரிச்சலில் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"ஆமா, பிள்ளைங்க இருக்கு! ஒரு வேன் நிறைய இருக்கு! நீ பெரிய எடத்துலேர்ந்து வர்றேன்னு எல்லாத்தையும் பூங்காவுக்குத் துரத்திட்டோம். அந்த சோபாவும் எங்களுது இல்ல. இங்க பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுதான் பந்து அடிக்கிறாங்க. பிடிச்சா வா, பிடிக்கலன்னா போ. எனக்குத் தோள் போச்சு, அதுக்காக உன்கிட்ட இவ்வளவு நடிக்க முடியாது!"

அவள் டிக்கியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் பாப்பா பஸ் ஸ்டாண்டுல இருக்குக்கா."

"என்னது?"

"எங்க அக்கா வெச்சிருக்கா. பால் குடிக்கிற நேரம் தாண்டிப்போச்சு, அழுதுட்டே இருக்குன்னு போன் மேல போன். பழைய கிளப்புல பிள்ளை பொறந்ததும் 'இனிமே உனக்கு ஆட்டத்துல கவனம் இருக்காது'ன்னு சொல்லிட்டாங்க. அதான் இங்க சொல்லவே கூடாதுன்னு வந்தேன். உள்ள நுழைஞ்சதும் எங்கயாவது ஒரு பிள்ளை சத்தம் கேக்குமான்னு பாத்தேன். அவர் வேற கேட்டுக்கு வெளியில விட்டுட்டு வரணும்னு சொன்னாரா..."

நாங்கள் எங்கள் பிள்ளைகளை ஒளித்தோம். அவள் அவளுடையதை ஒளித்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது. எனக்கு எங்கள் எல்லார் மேலேயும் கோபம் வந்தது; தலைவர் மேல் கொஞ்சம் அதிகமாக வந்தது. "ஏறு வண்டில" என்றேன்.

என்னிடம் படிக்கிறவர்கள் யாராவது அப்படி ஓட்டியிருந்தால் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் அக்கா, சிவந்த முகத்தோடு அலறுகிற பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபோட்டுக்கொண்டிருந்தாள். நெட்டை பின் சீட்டில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டதும் அலறல் நின்றது. நான் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. இறங்கிப்போய் டிரைவரிடம் சொன்னேன்.

"பிள்ளை பசியாறுது. அதுக்குள்ள உங்க பஸ்ஸு எங்கயும் பறந்துடாது."

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

டிக்கியில் மிச்சம் கிடந்த குட்டி சீட்டை எடுத்துப் பின்னால் பொருத்தினேன். ஒளித்து வைத்ததற்கு அது ஒன்றுதான் பிரயோஜனப்பட்டது. எல்லாருமாக மைதானத்துக்குத் திரும்பினோம். பூங்காவிலிருந்து வேனும் வந்திருந்தது. உடைமாற்றும் அறையில் பழைய சத்தம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தலைவர் மட்டும் முழித்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தானே போய் மடக்குத் தொட்டிலை விரித்துப் போட்டார்.

நெட்டை பாப்பாவை சோபாவில் கிடத்தினாள். கிடத்திய கொஞ்ச நேரத்தில் சோபா நனைந்தது. எல்லாரும் தலைவரைப் பார்த்தோம்.

"அதுக்குத்தான் உறையைக் கழட்டாதீங்கன்னு சொன்னேன்" என்றார் பெருமையாக.

நெட்டை சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "நான் ஆடுறேங்க. ஒண்ணே ஒண்ணு. பாப்பாவை யார் வந்தாலும் ஒளிச்சு வைக்கக் கூடாது. போட்டோ எடுத்தாலும் சரி, பெரிய ஆளுங்க வந்தாலும் சரி."

"வைக்க மாட்டோம்மா" என்றார் தலைவர். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் அவர் அறிவிப்பை மாற்றினார். இன்னும் சில ஆட்கள் எங்களுக்குத் தேவைப்பட்டார்கள். நவீன உடைமாற்றும் அறை, தொழில்முறைச் சூழல் எல்லாம் போய்விட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதினார்: ஆட வாங்க. பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்க. நீங்கள் ஆடும்போது பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

சோபா திங்கட்கிழமையும் ஷோரூமுக்குப் போகவில்லை. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சீசனின் முதல் ஆட்டத்துக்கு நான் வலது கையைக் கழுத்தில் மாட்டிய தூளிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். என் இடது தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் என் கழுத்தில் வழிந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வாண்டுகளை மடியில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற சமயம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரி ஒருத்தி எங்கள் ஆட்களை எல்லாம் தாண்டி, தனியாக, பந்தோடு கோலை நோக்கி வந்தாள். எத்தனை வருஷப் பழக்கம். என் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. வலது கால் தரையை அழுத்தியது, அங்கே ஒரு பிரேக் இருப்பது மாதிரி.

"ஏம்மா, பிள்ளை" என்று வீட்டுக்காரர் என் முழங்காலைத் தொட்டார்.

நெட்டை முன்னால் ஓடி வந்து விழுந்தாள். எழுந்தபோது பந்து அவள் நெஞ்சோடு இருந்தது. எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் பாப்பா ஒரு முறை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். நெட்டை பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். முதலில் பாப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

என் கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டேன்.