துளைக்குள் முறிந்தது

தலையணைகள் மறுபடியும் சரிந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறினாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவரை நிமிர்த்தித் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள். அடைபட்டுக் கிடந்த மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

"புடிச்சுக்கிட்டியாக்கா?" கால்மாட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"புடிச்சுட்டேன். நீ வேலையப் பாரு."

நுரையீரலில் நீர். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே வைத்திருங்கள், இனி செய்ய வேறொன்றும் இல்லை என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அதற்காகவே இந்த இரும்புக் கட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். காலையில் விரிப்பு மாற்றுவதற்காகத் தம்பி அதை இறக்கினான். திரும்ப ஏற்றும்போது 'டப்'பென்று ஒரு சத்தம். கைப்பிடியைத் தண்டோடு பிணைத்திருந்த திருகாணி முறிந்து, அதன் தலை தரையில் உருண்டது. மிச்சம் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. கைப்பிடி சும்மா சுற்றியது. புதுத் திருகாணி போடலாம் என்றால் பழையது வழிவிடவில்லை. வாடகைக் கடைக்காரர் சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டு அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஊதல் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. எதற்கும் பதறாதவர். இப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"விட்டுட்டுப் போயிராதம்மா."

"எங்கப்பா போறது? நீங்கதான் எம்மேல உக்காந்திருக்கீங்களே. நெனச்சாலும் போக முடியாது."

அவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக முடிந்தது.

கீழே தம்பி இடுக்கியால் பிடித்து இழுக்கப் பார்த்தான். பிடிப்பதற்கு நூலளவுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டவிட்டான். ஆணியை வைத்துத் தட்டி, முறிந்த முகத்தின் நடுவில் ஒரு குழி போட்டான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டிரில்லை அதில் வைத்து அழுத்தினான். முனை வழுக்கியது. இரும்பின்மேல் கிறீச்சென்று ஒரு கோடு விழுந்தது.

"போச்சு, போச்சு..." என்றான் தனக்குள்.

"என்னடா... முனகுற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா!" தலை நரைக்கத் தொடங்கியவன்தான். ஆனாலும் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருக்கும் பையனைப் போலத்தான் பதில் சொன்னான்.

"நீ எடுத்துருவ. மெதுவா... எடு."

கட்டிலுக்கு அடியில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

டிரில் மறுபடி ஓடியது. கட்டில் முழுவதும் அதிர்ந்தது. அந்த அதிர்வு இரும்புச் சட்டத்தில் ஏறி, மெத்தை வழியாக அப்பாவின் உடம்புக்குள்ளும் அவள் உடம்புக்குள்ளும் போனது. அவர் முதுகில் துடிப்பது மூச்சா, டிரில்லா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நிறுத்து! கொஞ்சம் நிறுத்துடா!"

டிரில் நின்றது. அவள் காதை அவர் தோளில் வைத்துக் காத்திருந்தாள். எங்கோ ஆழத்திலிருந்து மூச்சு வந்தது.

"என்னாச்சுக்கா? அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

மறுபடி அதிர்வு. இந்த முறை நீண்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. தூங்குகிறார், களைத்துவிட்டார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டிரில் நின்றது.

அவள் காதை வைத்தாள். காத்திருந்தாள். தெருவில் யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது கேட்டது. அவள் இதயம் அடிப்பது கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

"அக்கா, ஓட்ட விழுந்துருச்சு! இதுக்குள்ள கூர் ஆணிய எறக்கி இடப்பக்கம் திருப்பினா வந்துரும். அசைக்காம புடிச்சுக்கோ. என்ன?"

அவள் அப்பாவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அக்கா?"

"ம். திருப்பு."

டொக், டொக்கென்று தட்டும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முக்குவது கேட்டது. பிறகு, "அசையுதுக்கா! வருது, வருது!" சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது அவன் குரலில். முறிந்த துண்டு தரையில் விழுந்தது. புதியதை அவன் அவசர அவசரமாக முடுக்கினான். தலையெல்லாம் இரும்புத்தூளோடு வெளியே வந்து, குனிந்தபடியே கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான்.

தலைமாடு மெல்ல எழுந்து அவள் முதுகைத் தொட்டது.

"போதுமாக்கா? நீ எறங்கிக்கிறியா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

அவன் சுற்றினான். ஒரு கட்டத்துக்கு மேல் கைப்பிடி நகரவில்லை. அதன் சத்தம் நின்ற பிறகும் அப்பாவின் கரகரத்த மூச்சு கேட்கவில்லை. அவன் அதை விடவும் இல்லை, நிமிரவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே இருந்தான்.