சொன்னால் கேட்கும் பிள்ளை

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரமே மதிவதனிக்கு அழைப்பு வந்துவிட்டது. தறிக்காகச் சுற்றிக்கொண்டிருந்த ஊடைநூல் தாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் அவள் மகள் கனிமொழி தரையில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆயாம்மா ஒருத்தி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

ராதிகா மிஸ்ஸுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கோபமாகப் பேசவில்லை. அதுதான் மதிவதனிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கொழந்த புத்திசாலிங்க. கலரு, காய்கறி எல்லாம் கடகடன்னு சொல்றா. ஆனா ஒரு நிமிசம் பொறுக்கத் தெரியல. சறுக்குமரத்துல வரிசையா நில்லுன்னா, முன்னாடி நிக்கிற புள்ளைய கடிச்சிட்டா. பொம்மைய இன்னொருத்தி எடுத்துட்டா தரையில உழுந்து பொரள்றா."

"வீட்டுல ஒரே புள்ளைங்க மிஸ். பழகிடுவா."

"போன் பாக்குறாளா?"

மதிவதனி குனிந்து மகளின் கவுனில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எழுத்து தெரியலன்னா நான் சொல்லிக் குடுத்துடுவேன். கேட்டது ஒடனே கெடைக்கலன்னா தாங்கிக்கிறது வீட்டுலதான் வரணும். கொஞ்ச நாள் வீட்டுல வெச்சி பழக்கிட்டு கூட்டிகினு வாங்க. கடி வாங்கின புள்ளையோட அப்பா வந்து ஆபீஸ்ல சத்தம் போட்டுட்டுப் போயிருக்காரு. இன்னொரு தடவ ஆச்சின்னா என் கையில இல்ல."

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள் மதிவதனி. வழியெல்லாம் போன் கேட்டு அவள் கன்னத்தைப் பிறாண்டியது குழந்தை.

மிஸ் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியாதது அல்ல. அவர்கள் வீடு ஒற்றைக் கூடம். அந்தக் கூடத்தில் பாதிக்கு மேல் தறி. குழந்தை தவழத் தொடங்கியதும் முதலில் தேடிப் போனது அந்த மினுமினுக்கும் பட்டு இழைகளைத்தான். ஒரு தடவை எச்சில் கையால் இழுத்துவிட்டாள். அவள் புருஷன் பிரபாகரன் தறிக்குழியிலிருந்து எட்டி அவளைத் தூக்கி மூலையில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்தான். அன்றைக்கு அழுகை நின்றது. அதன் பிறகு அழ வாயைத் திறந்தால் போன், சோறு ஊட்டப் போன், தூங்கப் போன். வீட்டுக்கு வருகிறவர்கள், "புள்ள இருக்கிற எடமே தெரியலயே, தங்கமான கொழந்த" என்பார்கள். மதிவதனிக்குப் பெருமையாக இருக்கும். காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

அடுத்து வந்த நாள்களில் வீடே இரண்டுபட்டது. கனி சுவரில் தலையை முட்டினாள். கத்திக் கத்தித் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பேஜாரா கீதுடி. கொஞ்ச நேரம் குட்துடு. தறியில கால் மிதி தப்புது எனக்கு" என்றான் பிரபாகரன்.

"குடுத்தா இத்தினி நாள் பட்டது வீணாப்பூடும். நீ ஒன் வேலைய பாரு."

கத்தி ஓய்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்து மடியில் போட்டுக்கொள்வாள். வேறெதுவும் தெரியாததால் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

ஒருநாள் காலை அடுப்பிலிருந்து எடுத்த தோசையைத் தட்டில் போட்டதும் கனி கையை நீட்டினாள். சுட்டது. வழக்கம்போல வீறிட வாயைத் திறந்தவள், என்ன தோன்றியதோ, திறந்த வாயைக் குவித்து ஊதினாள். "ஆறட்டும்" என்றாள். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. மறுபடி ஊதினாள். "ஆறட்டும், ஆறட்டும்."

மதிவதனி மூச்சு விடாமல் பார்த்தாள். தோசை ஆறியது. பிள்ளை பிய்த்துத் தின்றது. மதிவதனி முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்தது. பால் காய்கிற வரை நின்றாள். கடையில் முன்னால் இரண்டு பேர் இருந்தால், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி காத்திருந்தாள். எல்லா நேரமும் இல்லை. சில நாள் எல்லாம் சரிந்து பழையபடி தரையில் புரள்வாள். ஆனாலும் மதிவதனி பள்ளிக்குப் போய், "மிஸ், வர திங்கக்கெழம கூட்டிகினு வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை.

தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. ஆவணியில் கல்யாணம். நெய்யக் கொடுத்த பட்டுக் கடைக்காரர் நேற்றிலிருந்து பிரபாகரனின் பட்டன் போனுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். பிரபாகரன் சரிகை வாங்கிவரப் போயிருந்தான். கனிக்குப் புதுக் கவுன் போட்டு, கோட்டை மைதானத்தில் ஊஞ்சல் ஆடக் கூட்டிப்போவதாக மதிவதனி காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் சுற்ற வேண்டிய தார் குவிந்து கிடந்தது.

"அம்மா, போலாமா?"

"இரு கண்ணு, கொஞ்ச நேரம்."

கனி போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். மறுபடி வந்தாள்.

"இப்ப போலாமா?"

"அப்பா வந்து தறி முடியட்டும்டி. தறி முடிஞ்சா ஜல்தியா போய்டலாம்."

மறுபடி போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை. புரளவில்லை. மத்தியானம் ஆயிற்று. மதிவதனி தாரை வைத்துவிட்டுச் சமையற்கட்டில் தோசைக் கல்லைப் போட்டாள். பிள்ளை சத்தமே இல்லாமல் இருக்கிறாளே என்று மனதுக்குள் குளிர்ந்தும் போனாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் பிரபாகரனின் அலறல்.

"அய்யோ! போச்சிடி, எல்லாம் போச்சி!"

கையில் இருந்த தோசைத்திருப்பியோடு அப்படியே ஓடிவந்தாள். தறி முன்னால் கனி நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரிக்கோல். நெய்த துணிக்கும், இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சுக்கும் நடுவே, அவள் கை எட்டிய அகலத்துக்கு, நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் அறுந்து, இழுத்துக் கட்டிய விசையில் சுருண்டு பின்வாங்கிக் கிடந்தன. செருப்பை இடது வலது மாற்றிப் போட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சிச்சிம்மா. வா, போலாம்."

புடவை முடிந்தால் அப்பா கத்தரிக்கோலால் அறுத்து எடுப்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அறுத்தால் தறி முடிந்தது. தறி முடிந்தால் ஊஞ்சல்.

சொன்னது மதிவதனியின் காதில் விழுந்தது. அது மனதில் போய் இறங்குவதற்குள் கை நீண்டுவிட்டது. நாலு நாளாய்த் தூங்காத கண், கடைக்காரரின் குரல், புருஷனின் அலறல், எல்லாம் சேர்ந்து அந்தக் கையில் ஏறிக்கொண்டன. சூடான தோசைத்திருப்பி பிள்ளையின் கெண்டைக்காலில் பட்டது.

கனி கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கத்தரிக்கோலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

மருந்துக்கடையில், "குக்கர் பட்டுடுச்சிங்க" என்றாள் மதிவதனி. பக்கத்தில் நின்ற கனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

பிரபாகரன் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டான். மதிவதனி அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள்.

"நாலு மணி நேரம் காத்துகினு இருந்தாய்யா அது. நான் சொன்ன சொல்ல நம்பிகினு."

"வுடு. இனிமே தறி பக்கமே வரமாட்டா" என்றான் அவன், ஆறுதலாகத்தான்.

அவன் சொன்னது பலித்தது. கனி தறி பக்கம் வரவில்லை. அடுப்பு பக்கமும் வரவில்லை. எந்த இடத்தில் உட்கார வைத்தார்களோ அந்த இடத்தில் இருந்தாள். மதிவதனி மனசு தாங்காமல் போனை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். திரும்பக் கேட்டதும் கொடுத்துவிட்டாள்.

காயம் உலர்ந்த பிறகு பள்ளிக்குக் கூட்டிப்போனாள். கவுனுக்குக் கீழே நீளமான சாக்ஸ் போட்டு மறைத்திருந்தாள். சில நாள் கழித்துக் கூப்பிடப் போனபோது ராதிகா மிஸ் வாசலுக்கே வந்தாள்.

"என்னங்க மாயம் பண்ணீங்க? அப்பிடியே மாறிட்டா! கைய கட்டு, வாய்மேல வெரல் வையின்னா, எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்கறதில்ல. மத்த அம்மாங்ககிட்ட ஒங்களதான் சொல்லிகினு இருக்கேன். எப்பிடி பழக்கினீங்கன்னு ஒரு நாள் வந்து சொல்லுங்களேன்."

சொல்லிவிடலாம் என்று மதிவதனிக்கு நாக்கு நுனி வரை வந்தது. சுற்றிலும் மற்ற அம்மாக்கள் நின்றிருந்தார்கள். "தானா பழகிடுச்சிங்க மிஸ்" என்றாள்.

மிஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணுங்க. இன்னிக்கு பெஞ்சிலயே ஒண்ணுக்கு போயிட்டா. கேட்டிருந்தா அனுப்பி இருப்பேன். பரவால்ல, சின்ன புள்ளதானே."

வீட்டுக்கு வந்து ஈரத் துணியைக் கழற்றினாள். "கால தூக்கு" என்றாள். தூக்கினாள். "அந்தக் கால்." அந்தக் காலையும் தூக்கினாள். தண்ணீர் தழும்பில் பட்டபோது பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அசையவில்லை.

"ஏன் கண்ணு, மிஸ்ஸ கேக்கக் கூடாதா?"

"எழுந்திருன்னு சொல்லல."

மதிவதனி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"கனி, என்ன அடிடி. கடி. அன்னிக்கி மாதிரி தரையில பொரளு, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். எதுனா கேளேன்டி. ஒரே ஒரு தடவ கத்துடி என் தாயி."

கனி யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து, "ஆ" என்றாள், மெல்லமாக. நிறுத்தி, சரியாகச் செய்தோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, இன்னும் கொஞ்சம் உரக்க, "ஆ" என்றாள்.

"போதுமாம்மா?"