பாப்பா என்கிற அமலோற்பவம்

விண்ணப்பப் பாரம் வந்து பதினொரு நாளாகிவிட்டது. அமலோற்பவம் அதை முப்பது தடவையாவது படித்திருப்பாள். சிங்கப்பூர்க் கல்லூரியில் மூன்று வருஷம் படிக்க, தங்க, சாப்பிட ஆகும் செலவைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். ஜொகூரிலிருந்து ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம். பெற்றோர் ஜொகூரில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். பிறப்புச் சீட்டு வேண்டும். தகப்பனார் ஓர் அதிகாரி முன்னால் சத்தியம் செய்து தம் நிலைமையைச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம், கல்யாணம் செய்துகொள்ளாமல், சொல்லுகிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பேன் என்று அவளும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் சனிக்கிழமைக்குள் கான்வென்ட் மதர் கையில் சேர்ந்தாக வேண்டும்.

தகப்பனாரின் நிலைமையைச் சொல்லும் இடத்தில் அவளுக்குத் தெரியாத ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. பள்ளிக்கூடத்து அகராதியில் பார்த்தாள். ஒன்றுமில்லாதவன், கதியற்றவன் என்று போட்டிருந்தது. சட்டென்று அகராதியை மூடிவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா மரியநாதன், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷமாகக் கங்காணி. அவருடைய ஆட்கள் எழுபது பேர். வேலைக்கு வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ரப்பர் விலை விழுந்தபின் துரை ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார். எழுபது பதினொன்றாகிவிட்டது. அப்படியும் அப்பா விடியுமுன் கோட்டுப் பித்தானைப் போட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு, பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனார். எழுபது பேருக்குக் கேட்கிற குரலில் பதினொரு பெயரைக் கூப்பிட்டார். வீட்டில் அம்மா அருளாயி மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்றாள். அகராதியில் இருந்த சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. எடுக்காமல் இருக்க மூன்று பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் அப்பாவே கேட்டார்.

"என்னதான் கேக்குறான் அந்தப் பாரத்துல? வாசி புள்ள."

அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், கடைத்தெரு மலாய் பேசுவார், ஆங்கிலம் தெரியாது. துரையின் கடிதமானாலும் மருந்துப் புட்டியானாலும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். இதுவரை ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அன்றும் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"'மகளைப் படிக்க வைக்கக் கல்லூரியோட ஒத்தாசையை விரும்புகிறவர்'னு நீங்க சத்தியம் பண்ணணுமாம்பா."

"ஒத்தாசைதானே? துரைகூடத்தான் லண்டன்ல இருக்கிற பெரிய துரைகிட்ட ஒத்தாசை கேக்குறாரு. அதுல என்ன?"

அடுப்படியிலிருந்து அம்மா ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் மகள் குரல் எந்த இடத்தில் இளகுகிறது என்று தெரியும். மறுபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

தகரப் பெட்டியின் அடியிலிருந்து பிறப்புச் சீட்டு வந்தது. பெயர் எழுதும் இடத்தில் பாப்பா என்று இருந்தது. அமலோற்பவம் அதிர்ந்து போய் நிமிர்ந்தாள். அப்பா சிரித்தார். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

"அப்ப எல்லாம் சாமியார் மூணு மாசத்துக்கு ஒருக்கத்தான் தோட்டத்துக்கு வருவாரு. ஞானஸ்நானத்துக்கு முன்னாடி பேரு வாயில வரக்கூடாதுன்னு உங்கம்மா பிடிவாதம். ஸ்டேஷன்ல போலீஸ்காரன் மலாயில, நாமா அப்பா, பேரு என்னன்னு கேட்டான். பாப்பான்னேன். எழுதிக்கிட்டான்."

"என் பேரே இல்லையேப்பா இதுல!"

"அந்த வருஷம் பொறந்தது அத்தனையும் பாப்பாதான்லா. நம்ம வீரமுத்து மவன் மீசை வச்சிருக்கான் பாரு, அவனும் பொறப்பு சூராட்ல பாப்பாதான்."

பாப்பாவும் அமலோற்பவமும் ஒருத்திதான் என்பதற்கும் அப்பா ஒரு சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமென்று வியாழக்கிழமை காலை ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டார்கள்.

கோட்டின் முழங்கையில் அம்மா வேறு நிற நூலால் தைத்திருந்தாள். அது தெரியாதபடி அப்பா அந்தக் கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். எதிரில் இருந்தவர் கேட்காமலேயே, "மகளுக்குச் சிங்கப்பூர்ல காலேஜு," என்றார். அவர் உற்சாகமாகப் பேசப் பேச அமலோற்பவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு சொல்லைத்தான் மாற்றினாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து அப்பா இவ்வளவு தூரம் வந்துவிட்டார். இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் அங்கே யாரோ ஒருவர் சொல்லத்தான் போகிறார். குலாய் ஸ்டேஷன் வந்தது, போனது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சத்தியம் வாங்கும் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரிக்குப் பதிலாக ஒரு மலாய்க் குமாஸ்தாவும் பக்கத்தில் செல்லப்பன் என்ற மொழிபெயர்ப்புக் கிராணியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பன் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வார். குமாஸ்தா முத்திரை குத்துவார். பெஞ்சில் காத்திருந்த ஒருவன் அப்பாவைக் கண்டதும் துண்டை இறக்கிக்கொண்டு எழுந்தான்.

"கங்காணியய்யா!"

"அடடே, வேலு! இங்க என்னடா பண்றே?" அப்பாவின் ஆட்களில் ஒருவனாக இருந்து, கப்பலேற மறுத்து, இப்போது பட்டணத்தில் மூட்டை தூக்குகிறவன் அவன். அவன் நின்ற நிலையைப் பார்த்து அப்பாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து அப்பா சத்தியம் செய்தார். பெயர் விஷயம் முதலில் வந்தது. குமாஸ்தா பிறப்புச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நாமா பாப்பா? மிஸ்கின் பாப்பா!"

மலாயில் பாப்பா என்ற சொல்லுக்கு ஒன்றுமில்லாத பரம ஏழை என்று பொருள். அப்பாவுக்கு அது புரிந்தது. தாமும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க கங்காணி," என்றார் செல்லப்பன். "பேரே சாட்சி சொல்லுது, இன்னொரு தாள் எதுக்குங்கிறாரு. சரி, 'பாப்பா என்கிற அமலோற்பவம்'னு எழுதியாச்சு. அடுத்தது கேளுங்க. 'மரியநாதன் ஆகிய நான் ஒரு கதியும் இல்லாத ஏழை. என் மகளைப் படிக்க வைக்க எனக்குச் சக்தி இல்லை.' ஆமாவா?"

"யாரு?"

"நீங்கதான்."

"பாரத்துல அப்படியா போட்டிருக்கு?"

"பின்னே? நானா கதை கட்டுறேன்?"

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"முடியும்," என்றார். "ஏன் முடியாது? எழுபது தலைக்குக் கங்காணி நான். இதோ வேலு இருக்கான், கேளுங்க."

"ஆமாங்கய்யா. எழுபது பேரு," என்றான் வேலு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"முடியும்னா பாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் சாப்பிடப் போலாம்," என்று செல்லப்பன் பேனாவை மூடப் போனார்.

பேனாவின் மூடி மேலே ஏறுவதை அமலோற்பவம் பார்த்தாள். பேசாமல் நின்றால் அப்பா நிமிர்ந்த முதுகோடு வெளியே போவார்; அவள் தோட்டத்துக்குத் திரும்புவாள். பேசினால் கல்லூரி உண்டு. ஆனால் வேலுவின் முன்னால் அப்பாவை அவளே தள்ளிவிட்டவளாவாள். இரண்டு பக்கமும் சுவர். எந்தச் சுவரில் மோதுவது என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

"முடியாதுங்கய்யா. எங்க அப்பாவால முடியாது."

தன் குரல் அவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"உன் சொல்லு இங்க செல்லாதும்மா. உனக்கு இருபத்தொண்ணு ஆகலே. அவர் வாயால வரணும்."

அவரைத் தள்ளியும் விட்டாள், அதனால் பயனும் இல்லை. அப்பா இப்போது திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ வேற மாதிரி வாசிச்சியே, அமலு."

"ஆமாப்பா."

அவர் மேஜை பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். செல்லப்பன் பக்கம் திரும்பி, பெரட்டுக் களத்துக் குரலில் பேச ஆரம்பித்தார்.

"எழுதுங்க. எழுபது பேரு இருந்தாங்க. இப்ப பதினொண்ணு. அந்தப் பதினொண்ணும் மாதா திருநாள் கழிச்சுக் கப்பலேறுது. அதே கப்பல்ல நாங்களும் ஏறுறோம். துரை எனக்கும் கப்பல் சீட்டுக் குடுத்துட்டாரு. ஒரு மாசமா என் பையிலதான் இருக்கு. எனக்குச் சக்தி இல்லை. எழுதுங்க."

 ஒரு மாதமாக! பெற்றோர் ஜொகூரில் குடியிருப்பவர்கள் என்ற வரியை ஞாயிற்றுக்கிழமை அவள் சரியாகத்தான் வாசித்துச் சொல்லியிருந்தாள். அப்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே பாரத்தின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டு அவள் ஒன்றை மறைத்திருக்கிறாள், அவர் ஒன்றை மறைத்திருக்கிறார்.

செல்லப்பனின் பேனா நின்றது. குடியிருப்பு பற்றிய அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி, அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் கேட்டார்: கப்பல் சேதியையும் எழுதவா? எழுதினால் உனக்கு இடம் கிடையாது.

அப்பா இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேண்டாம் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்ன கேட்டாரு?"

"உங்க பேரை எப்படி எழுத்துக் கூட்டறதுன்னு கேட்டாருப்பா."

அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.  தாளை இழுத்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். முழங்கைத் தையல் எல்லோருக்கும் தெரிந்தது. குமாஸ்தா முத்திரையைக் குத்தினார். வேலு கதவருகே ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

வெளியே வெயில் கொளுத்தியது. ரிக்ஷாக்காரர்கள் கூப்பிட்டார்கள். அப்பா கையிலிருந்த குடையை விரிக்கவில்லை.

"நீ மதர்கிட்ட குடுத்துட்டு இங்க பட்டணத்துல இருக்கிற உங்க டொரத்தி அத்தை வீட்டுல இருந்துக்க. நான் மத்தியான ரயிலைப் பிடிக்கிறேன்."

"அப்பா, எனக்கு இது வேணாம்பா. நானும் உங்களோட கப்பல்ல வர்றேன்."

"எப்படி வருவே? வேதப்புத்தகத்து மேல கை வச்சு, இருக்கிற கப்பலை இல்லாம ஆக்கிட்டு வந்திருக்கேன். உனக்காகத்தான். அதை வீணாக்கப் போறியா?"

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா? கப்பல் சேதி?"

"இன்னும் இல்லே. நீயும் சொல்லாதே. திருநாள் வரைக்கும் அவ மகளுக்குக் காலேஜுன்னு சந்தோஷமா இருக்கட்டும்."

ஸ்டேஷனை நோக்கி நடந்தார். தையல் போட்ட கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே நடந்தார். அந்தத் தெருவில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அமலோற்பவம் கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவள் கேட்டதெல்லாம் தாளில் இருந்தது, கையெழுத்தும் முத்திரையுமாக. மூன்று வருஷம் படிப்பு, ஐந்து வருஷம் வேலை. எட்டு வருஷம் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். தன்னை இப்படிக் கட்டிப்போட்டது யார் என்று கேட்டால் கைகாட்ட ஓர் ஆள்கூடக் கிடையாது.

கான்வென்ட் மேட்டில் ஏறினாள். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் யோசிப்பதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. கேட்டின் முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மணியை அடித்தாள்.